"சிறு" கனிமம்: ஆற்று மணலின் அறுபத்தெட்டு வருடக் கணக்கு



பி.காம் படிக்கிறவனுக்கு ஆற்று மணலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. மணலின் வரலாறு பாதி சட்டத்தின் வரலாறு, மீதி கணக்கின் வரலாறு. சட்டத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கணக்கைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நான் இருப்பது வேங்கிக்கால். திருவண்ணாமலைக்காரர்களுக்கு "கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம்" என்றால் போதும். வெளியூர் நண்பர்களுக்கு: தீபத்துக்கு வேலூர் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தால், ஊருக்குள் நுழையும் முன்னால் தாண்டுகிற இடம். இந்த மாவட்டத்தில் எந்த ஆற்றில் மணல் அள்ளுவதானாலும், எந்தக் குன்றில் கல் உடைப்பதானாலும், அதற்கான காகிதம் இந்த ஊர் வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் காகிதங்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சொல் உண்டு. "சிறு கனிமம்". அந்த "சிறு" எங்கிருந்து வந்தது? அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

பெயர் வைத்த கதை

1957-ல் நாடாளுமன்றம் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தை நிறைவேற்றியது. நிலக்கரி, இரும்பு, தங்கம் போன்றவற்றைப் பெரும்பாலும் மத்திய அரசின் பிடியில் வைத்த சட்டம் அது. ஆனால் கட்டடக் கல், கிராவல், சாதாரணக் களிமண், சாதாரண மணல் ஆகிய நான்கையும் தனியாகப் பிரித்து "சிறு கனிமங்கள்" என்று பெயர் வைத்தது. இவற்றுக்கான விதிகளை அந்தந்த மாநிலமே எழுதிக்கொள்ளலாம் என்று 15-வது பிரிவில் சொல்லிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2015 வரை எல்லா மணலும் சிறு கனிமமாக இருக்கவில்லை. கண்ணாடி செய்யவோ, பீங்கான் செய்யவோ, நிலக்கரிச் சுரங்கத்தின் பள்ளத்தை நிரப்பவோ பயன்படுத்தினால் அதே மணல் "சிறு" என்ற பட்டியலில் வராமல் இருந்தது. வீட்டுச் சுவருக்குப் போனால் சிறு கனிமம், கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போனால் பெரிய கனிமம் என்று இருந்தது! ஆக, "சிறு" என்பது மணலின் அளவைச் சொல்கிற சொல் இல்லை. ஆற்றுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லவில்லை. எங்கே விற்கிறோம், என்ன விலைக்கு விற்கிறோம் என்பதை வைத்து வந்த பெயர். விலை குறைவு, அதனால் சிறியது. அன்றைக்கு அது தப்பாகத் தெரியவில்லை. ஆற்று மணலுக்கு ஆள் கூலியும் வண்டி வாடகையும்தான் விலை. மணலுக்கென்று யாரும் தனியாகக் காசு கொடுத்ததில்லை.

மத்தியச் சட்டம் கொடுத்த அதிகாரத்தின்படி நம் மாநிலம் 1959-ல் சிறு கனிமச் சலுகை விதிகளை எழுதியது. சட்டம் 1957, விதிகள் 1959. நடுவில் 1958-ல் நம் மாவட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை கட்டி முடிக்கப்பட்டது.

வரவு நின்றது, செலவு திறந்தது

இந்த மூன்று வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆற்றுக்கு மணல் எங்கிருந்து வருகிறது? மலைப்பாறை வெயிலிலும் மழையிலும் உடைந்து, உருண்டு, தேய்ந்து வருகிறது. அதைக் கீழே கொண்டுவருவது வெள்ளம். அணை என்ன செய்யும்? வெள்ளத்தை நிறுத்தும். தண்ணீர் நின்றதும் அதிலுள்ள கனமான மணல் அணைக்குள்ளேயே படிந்துவிடும். மதகு வழியாகக் கீழே போவது பெரும்பாலும் தண்ணீரும் மெல்லிய வண்டலும்தான். சாத்தனூர் அணையால் எத்தனை ஏக்கர் விளைந்தது, எத்தனை ஊர் குடித்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் அணைக்கு எதிராகப் பேசவில்லை. அணைக்குக் கீழே இருக்கிற ஆற்றுக்கு வர வேண்டிய புது மணல் அன்றோடு பெருமளவு குறைந்துபோனது. அதைத்தான் சொல்கிறேன்.

அதாவது, மணல் வரவு அடைபட்ட அதே சமயத்தில் மணல் செலவுக்கான சட்டக் கதவு திறந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அணை கட்டியவர்கள் தண்ணீர்க் கணக்கு எழுதினார்கள். விதி எழுதியவர்கள் கட்டணக் கணக்கு எழுதினார்கள். இரண்டு பேரேட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

சேயாறு ஏன் முக்கியம்

நம் மாவட்டத்தின் இன்னொரு ஆறு சேயாறு. பேச்சில் செய்யாறு. ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கம், கலசபாக்கம், செய்யாறு ஊர் வழியாகப் போய், காஞ்சிபுரம் பக்கத்தில் திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. வயதான ஆறு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்தப் பகுதியைப் பற்றிய பாட்டு. அதில் செங்கண்மா என்று வருவதுதான் இன்றைய செங்கம். அந்த ஊர் நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு அது. வழியில் சேயாறும் வருகிறது.

பாலாறு, சேயாறு இரண்டுமே வருடத்தில் பல மாதங்கள் மேலே தண்ணீர் ஓடாத ஆறுகள். ஆனால் "வறண்ட ஆறு" என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் மணலுக்குள் இருக்கும். நம் முன்னோர்கள் மணலைக் கீறி ஊற்றுக்கால் வெட்டி, அதில் கசிந்து வருகிற தண்ணீரை ஏரிக்கும் வயலுக்கும் கொண்டுபோனார்கள். அணையும் இல்லை, மோட்டாரும் இல்லை. மணலே அணை, மணலே தொட்டி.

எவ்வளவு பெரிய தொட்டி? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மணல் வியாபாரத்தில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஏறக்குறைய 2,830 லிட்டர் கொள்ளளவு. மணலில் பருக்கைகளுக்கு இடையே மூன்றில் ஒரு பங்கு இடம் காலி என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட் மணல் சுமார் 940 லிட்டர் தண்ணீரைப் பிடிக்கும். மூன்று யூனிட் லாரி ஒன்று ஆற்றை விட்டு ஏறினால், 2,800 லிட்டர் பிடிக்கிற ஒரு தொட்டி ஆற்றை விட்டுப் போகிறது. இந்தத் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட முடியாது, கொஞ்சம் மணலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் தொட்டி ஒவ்வொரு வெள்ளத்திலும் மறுபடி நிரம்புகிற தொட்டி. ஒரு தடவை விற்றால் ஒரு தடவைதான் காசு. விற்காமல் வைத்திருந்தால் வருடா வருடம் தண்ணீர்.

"பள்ளத்திலும் தண்ணீர் நிற்குமே?" என்று ஒரு நண்பர் கேட்பார். நிற்கும். ஆனால் திறந்த பள்ளத்துத் தண்ணீரை வெயில் குடித்துவிடும். மணல் மூடிய தண்ணீரை அவ்வளவு சுலபமாகக் குடிக்க முடியாது. இன்னொன்று, ஆற்றின் தரை பத்தடி இறங்கினால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் அதோடு சேர்ந்து இறங்கும். விவசாயி கிணற்றை ஆழப்படுத்த வேண்டும், அல்லது போர் போட வேண்டும். அந்தச் செலவு மணல் விலையில் எங்கேயும் இல்லை. விற்றவர் தரவில்லை, வாங்கியவர் தரவில்லை. கிணற்றுக்காரர் தருகிறார்.

சிமெண்டும் மணலும்

1959 விதிகள் வந்தும் பல வருடங்கள் ஆற்றுக்குப் பெரிய ஆபத்து வரவில்லை. காரணம் சட்டத்தின் நல்ல குணம் இல்லை. தேவை குறைவு, அவ்வளவுதான். கிராமத்தில் மண் சுவர், கூரை. வசதியானவர்களுக்கு ஓட்டு வீடு, சுண்ணாம்புச் சாந்து. மாட்டு வண்டிக்கு ஆறு தாராளமாகக் கொடுத்தது.

இதை மாற்றியது சிமெண்ட். ஒரு காலத்தில் சிமெண்ட் விலையையும் விநியோகத்தையும் அரசே கட்டுப்படுத்தியது. சிமெண்டுக்கு அனுமதிச் சீட்டு வாங்க அலைந்த கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1982-ல் அந்தக் கட்டுப்பாடு பாதி விலகியது. 1989-ல் முழுவதும் விலகியது. (நம் மாவட்டம் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து பிறந்ததும் அதே 1989-ல்தான்.) சிமெண்ட் தாராளமாகக் கிடைத்ததும் கான்கிரீட் வீடு கிராமம் வரைக்கும் வந்தது. கான்கிரீட்டில் சிமெண்டை விட மணலும் ஜல்லியும்தான் பல மடங்கு அதிகம். ஒரு பொருளின் விலங்கை அவிழ்த்தால் அதன் கூட்டாளிப் பொருளின் தேவை எகிறும் என்று பொருளாதார வகுப்பில் படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மாட்டு வண்டி போன இடத்துக்கு லாரி வந்தது, மண்வெட்டி போன இடத்துக்குப் பொக்லைன் வந்தது. ஆட்கள் ஒரு நாள் முழுக்க அள்ளியதை அது தேநீர் குடிக்கிற நேரத்தில் அள்ளியது.

2003: கை மாறியது

2003 வரைக்கும் மணல் குவாரிகள் பெரும்பாலும் ஏலத்திலும் டெண்டரிலும் தனியாருக்குக் குத்தகைக்குப் போயின. குத்தகைக்காரருக்கு இரண்டு மூன்று வருடம்தான் கையில். அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு எடுப்பது அவருக்கு லாபம். ஆறு நாலாவது வருடம் எப்படி இருக்கும் என்பது அவர் கவலை இல்லை. புகார்கள் நீதிமன்றத்துக்குப் போயின. ஆறுகளின் நிலையை ஆராய விஞ்ஞானிகள், புவியியலாளர்கள் அடங்கிய உயர்நிலைக் குழு அமைக்கச் சொல்லி 2002-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அடுத்த வருடம், 2003 அக்டோபர் 2-ம் தேதி காந்தி ஜெயந்தி அன்று, 38-ஏ என்ற புது விதி அமலுக்கு வந்தது. மணல் எடுக்கும் உரிமை இனி மாநில அரசுக்கு மட்டுமே, தனியார் குத்தகைகள் முடிந்தன என்றது அந்த விதி. குத்தகைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். விதி செல்லும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொதுப்பணித் துறை குவாரி நடத்த ஆரம்பித்தது.

நல்ல நோக்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பணம் வாங்குகிற கை மாறியது. ஆற்றில் மணலை அள்ளி லாரியில் ஏற்றும் வேலை மட்டும் ஒப்பந்தத்தில் தனியாரிடமே இருந்தது. ஆற்றில் எவ்வளவு மணல் இருக்கிறது, வருடத்துக்கு எவ்வளவு வருகிறது, அதில் எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கு? அதைக் கட்டாயமாக்க அப்போதும் யாருக்கும் தோன்றவில்லை.

பக்கத்துக் கேரளம் வேறு வழியில் போனது. 2001-லேயே ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் எடுப்பதை ஒழுங்குபடுத்தவும் தனிச் சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு கடவுக்கும் உள்ளூர்க் கமிட்டி, ஆற்றுக்கென்று தனி நிதி, அதற்குப் பின் "மணல் தணிக்கை" என்று வந்தன. கேரளத்தில் திருட்டு மணலே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தணிக்கை என்ற சொல்லை ஆற்றின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததே பெரிய விஷயம்.

நீதிமன்றங்களின் காலம்

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெரும்பாலும் நீதிமன்றத்தில்தான்.

2010-ல் தாமிரபரணியில் மணல் எடுப்பதை எதிர்த்து மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு மதுரைக் கிளையில் தானே வாதாடினார். ஐந்து வருடத் தடை கிடைத்தது.

2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய ஓட்டையை அடைத்தது. அதுவரை 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. என்ன செய்தார்கள் என்று ஊகித்திருப்பீர்கள். பெரிய குவாரியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினார்கள்! வரி வரம்புக்குக் கீழே வருமானத்தைப் பிரித்துக் காட்டுகிற அதே பழைய வித்தை. சின்னக் குவாரிக்கும் அனுமதி வேண்டும் என்றது தீர்ப்பு.

2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியில்லாத மணல் எடுப்புக்கு நாடு முழுக்கத் தடை போட்டது. 2014-ல் உச்ச நீதிமன்றம், மணல் கடத்தலைக் கனிமச் சட்டத்தில் மட்டும் அல்ல, சாதாரணத் திருட்டு வழக்காகவும் நடத்தலாம் என்றது.

2017 நவம்பரில் மதுரைக் கிளை இன்னும் ஒரு படி மேலே போய், ஆறு மாதத்தில் எல்லா மணல் குவாரிகளையும் மூடச் சொன்னது. வழக்கு என்ன தெரியுமா? மலேசியாவிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து இறங்கிய மணலை வெளியே எடுக்க விடவில்லை என்ற வழக்கு. காவிரியும் பாலாறும் தென்பெண்ணையும் ஓடுகிற மாநிலம் கப்பலில் மணல் வாங்குகிற நிலைமை! 2018-ல் அரசே இறக்குமதி மணலை ஒரு யூனிட் 9,990 ரூபாய்க்கு விற்றது. குவாரிகளை மூடும் உத்தரவை எதிர்த்து அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. குவாரிகள் ஒரேயடியாக மூடப்படவில்லை.

2018 ஆகஸ்டில் இன்னொரு செய்தி. ஆர்தர் காட்டன் 1836-38-ல் கட்டிய முக்கொம்பு மேலணையில், கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. அதே வெள்ளத்தில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலமும் சரிந்தது. மணல் கொள்ளைதான் காரணம் என்றார்கள் விவசாயிகள். வயதுதான் காரணம் என்றது அரசு. 180 வருடக் கட்டடத்துக்கு வயது ஒரு காரணமாக இருக்கத்தான் செய்யும். ஆனால் ஆற்றுக்குள் நிற்கிற எந்தத் தூணும் தன்னைச் சுற்றி ஒரு அளவு மணல் இருக்கும் என்று நம்பித்தான் கட்டப்படுகிறது. அந்த மணல் இறங்கினால் தூணின் கால் வெளியே தெரியும். இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை.

மணலுக்காக மனிதர்கள் இறந்ததையும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், தாமிரபரணி மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை அவருடைய அலுவலகத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். குற்றவாளிகள் இருவருக்கு அதே வருடம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் காப்பாற்றப் பார்த்தது சட்டம் "சிறு" என்று சொல்கிற கனிமத்தை.

36 கோடியா, 4,730 கோடியா?

2023 செப்டம்பரில் அமலாக்கத் துறை தமிழ்நாட்டு மணல் குவாரிகளில் சோதனை போட்டது. கான்பூர் ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்து ஆற்றுப்படுகையை அளந்தது. ஐந்து மாவட்ட கலெக்டர்களுக்குச் சம்மன் போய், அது உச்ச நீதிமன்றம் வரை போனது. அமலாக்கத் துறை சொன்ன கணக்கு இது: அரசுக்கு வந்த வருமானம் 36.45 கோடி ரூபாய், எடுக்கப்பட்ட மணலின் மதிப்பு சுமார் 4,730 கோடி ரூபாய். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒப்பந்தக்காரர்கள் மீதான அமலாக்கத் துறையின் நடவடிக்கைகளை ரத்து செய்தது. சட்டவிரோத மணல் எடுப்பு, பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின் அட்டவணைக் குற்றங்களில் இல்லை என்பது காரணம்.

எனவே அந்த 4,730 கோடி ஒரு தரப்பின் மதிப்பீடு மட்டுமே. யாரையும் குற்றவாளி என்று சொல்ல அது போதாது. ஆனால் எனக்கு வேறு ஒரு சந்தேகம். ஒரு பொருளை 20 வருடமாக அரசு மட்டுமே விற்கிறது. எவ்வளவு விற்றது என்று கண்டுபிடிக்க வெளியிலிருந்து ஆள் வந்து குழியை அளக்க வேண்டியிருக்கிறது. எந்தக் கடையிலாவது இப்படி நடக்குமா? பெட்டிக்கடை அண்ணாச்சி கூட இரவு கடை அடைக்கும் முன் இருப்பை எண்ணிப் பார்ப்பார்.

முதலா, வருமானமா?

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். கணக்குப்பதிவியலில் முதல் வருடமே சொல்லித்தருவது முதலின வரவுக்கும் வருவாயின வரவுக்கும் உள்ள வித்தியாசம். கடையில் சரக்கு விற்றால் அது வருவாய். கடையையே விற்றால் அது முதல். கடையை விற்ற பணத்தை இந்த வருட லாபம் என்று எழுதினால் பரிட்சையில் மார்க் கிடைக்காது. ஆறு மணலை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொண்டுவருகிறது. அந்த அளவுக்குள் எடுத்தால் அது விளைச்சல் மாதிரி, வருவாய். அதற்கு மேல் எடுத்தால் ஆற்றையே விற்கிறோம், அது முதல். நாம் அறுபது வருடமாக இரண்டையும் ஒரே தலைப்பில், வருவாய் என்று எழுதிவிட்டோம். பிரித்து எழுத வேண்டுமானால் தொடக்க இருப்பு தெரிய வேண்டும். அது யாரிடமும் இல்லை.

இந்தக் குழப்பம் உச்ச நீதிமன்றத்தையே பல வருடம் ஆட்டிவைத்தது. குத்தகைக்காரர் கனிமத்துக்குக் கொடுக்கிற ராயல்டி ஒரு வரியா, விலையா? தமிழ்நாட்டில் பஞ்சாயத்துக்கான செஸ் சம்பந்தமான இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில், ராயல்டி ஒரு வரி என்று 1989-ல் ஏழு நீதிபதிகள் எழுதினார்கள். 2004-ல் ஐந்து நீதிபதிகள், "அது அச்சுப் பிழை, ராயல்டி மீதான செஸ்தான் வரி என்று இருந்திருக்க வேண்டும்" என்றார்கள். ஒரு சொல் விட்டுப்போனதில் எத்தனை கோடி! கடைசியில் 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8-க்கு 1 என்ற கணக்கில், ராயல்டி வரி அல்ல, கனிம உரிமைக்காகக் கொடுக்கும் பிரதிபலன் என்று முடித்தது. அதைத் தொடர்ந்து தமிழக அரசு கனிமம் உள்ள நிலங்களுக்குத் தனி வரிச் சட்டம் போட்டது. 2025 ஏப்ரலில் அது அமலானதும் கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும்.

வரி என்றால் வருவாய். பிரதிபலன் என்றால், கொடுத்த சொத்துக்குக் கிடைத்த விலை. சொத்தை விற்ற பணத்தில் ஒரு பங்காவது இன்னொரு சொத்தாக நிற்க வேண்டும். இது கனவு இல்லை. கோவா இரும்புத் தாது வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம், விற்பனைத் தொகையில் 10 சதவீதத்தை நிரந்தர நிதியாக, வருங்காலச் சந்ததிக்கென்று ஒதுக்கச் சொன்னது. நார்வே தன் எண்ணெய்ப் பணத்தை 1990-ல் தொடங்கிய நிதியில் சேர்த்து வைக்கிறது. எண்ணெய்க்கும் இரும்புக்கும் தோன்றிய யோசனை மணலுக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை? "சிறு" என்று பெயர் வைத்துவிட்டோமே, அதனால்தான்.

எம்-சாண்ட் காப்பாற்றுமா?

"இப்போதுதான் எம்-சாண்ட் வந்துவிட்டதே, ஆறு தப்பித்தது" என்பார்கள். ஓரளவு உண்மை. 2023-ல் மாநில அரசு எம்-சாண்டுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் எம்-சாண்ட் வானத்திலிருந்து விழவில்லை. பாறையை வெடி வைத்து உடைத்து, அரைத்து எடுப்பது. அதுவும் சட்டப்படி சிறு கனிமம்தான். ஆற்றின் கணக்கில் எழுதாத செலவை மலையின் கணக்குக்கு மாற்றியிருக்கிறோம். மணலுக்காவது வெள்ளம் வந்தால் வரவு உண்டு. குன்றுக்கு வரவே கிடையாது. நம் மாவட்டத்தில் குன்றுகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் இதை நாம்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

வீடு கட்டுகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாட்டு வண்டியில் மணல் ஓட்டிப் பிழைக்கிறவரையும் அப்படித்தான். உலகம் முழுக்க வருடத்துக்கு 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2022 அறிக்கை சொல்கிறது. பாலைவன மணல் காற்றில் உருண்டு வழவழப்பாகிவிடுவதால் கான்கிரீட்டுக்கு ஒத்துவராது. மணல் தேவை நிற்கப்போவதில்லை. எடுக்கவே கூடாது என்பது என் வாதமும் இல்லை. எண்ணி எடுக்க வேண்டும் என்பதுதான்.

கடைசியாக ஒரு தீர்ப்பு

2016-ல் மத்திய அரசு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மணல் பற்றிய மாவட்ட ஆய்வறிக்கை தயாரிக்க வேண்டும் என்றது. பல இடங்களில் அது பெயருக்குத் தயாரானது. 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஆற்றில் வருடத்துக்கு எவ்வளவு மணல் மறுபடி சேர்கிறது என்ற ஆய்வு இல்லாத மாவட்ட அறிக்கை செல்லாது. அதை வைத்துச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கக் கூடாது.

1957-ல் பெயர் வைத்தோம். 2025-ல்தான் "இருப்பு எவ்வளவு, வரவு எவ்வளவு?" என்று கட்டாயமாகக் கேட்டிருக்கிறோம். நடுவில் 68 வருடம். அந்த 68 வருடத்தில் யார் மணல் எடுக்கலாம் என்று மூன்று தலைமுறை சண்டை போட்டது. மாட்டு வண்டியா லாரியா, குத்தகைக்காரரா அரசா, மாநிலமா மத்தியமா என்று. எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

2021 நவம்பரில் பாலாற்றில் 1903-க்குப் பிறகு வந்த மிகப் பெரிய வெள்ளம் என்று சொல்லுமளவுக்குத் தண்ணீர் வந்தது. செத்துவிட்டது என்று நாம் எழுதிவைத்த ஆறு. அந்த வெள்ளம் எவ்வளவு மணல் கொண்டுவந்து போட்டது என்று அளந்திருந்தால், அடுத்த பத்து வருடத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று ஒரு நேர்மையான எண் கிடைத்திருக்கும்.

வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாவட்ட ஆய்வறிக்கை ரகசியம் இல்லை. மாவட்ட இணையதளத்தில் போட்டு மக்கள் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. தேடி எடுத்துப் படியுங்கள். புவியியல் புரியாவிட்டாலும் பரவாயில்லை. தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு, இந்த நான்கு கட்டமும் சேயாற்றுக்கும் தென்பெண்ணைக்கும் நிரப்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதைப் பார்க்க பி.காம் முதல் வருடப் படிப்பு போதும் :)

தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். உங்கள் ஊர் ஆற்றின் கதை தெரிந்தால் அதையும் எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்.